பேருக்குத்தான் விருப்பப் பாடம்!

மாணவர் கேட்கும் பாடம் கல்லூரியில் இல்லையா? 'ஸ்வயம்' ஆன்லைனில் படிக்கலாம். மதிப்பெண் பட்டப் படிப்புக் கணக்கில் சேரும். 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு இப்படி வழி செய்தது. அப்போது ஒரு செமஸ்டரில் 20 சதவீதப் பாடங்கள் வரை. 2021-ல் அது 40 சதவீதம் ஆனது.

நல்ல திட்டம்தான். ஆனால் எந்தப் பாடம் செல்லும் என்று முடிவு செய்வது மாணவர் அல்ல, கல்வி நிறுவனம்! இரண்டே பாடத்தை அனுமதித்தால்? "இதுதான் இருக்கு, எடுத்துக்கோ" என்ற கதைதான்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பாடம் நடத்தத் தகுந்த ஆசிரியர் இல்லாத துறையும் ஆன்லைனை நாடலாம் என்றது 2016 விதி. வாத்தியார் நாற்காலி காலியாகவே கிடக்க, வீடியோ பாடம் ஓடினால் அது சலுகையா, சாக்கா?

கம்ப்யூட்டர் வசதியை இலவசமாக, போதிய அளவு தர வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. செல்போன் டேட்டா தீர்ந்து தவிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

அனுமதித்த பாடங்களை செமஸ்டருக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். வகுப்பில் வாத்தியாரும் இருக்கட்டும். அதன் பிறகு மாணவர் ஆன்லைனை எடுத்தால் விருப்பம். வேறு வழியில்லாமல் எடுத்தால் கட்டாயம்தான்!