வென்றவரையும் விடமாட்டார்களா?

ஆயுதப் படைத் தீர்ப்பாயம் தந்த இயலாமை ஓய்வூதியத்தை எதிர்த்து அரசு போட்ட ஏறத்தாழ 300 மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரே தீர்ப்பில் தள்ளியது. அத்தனை மனுக்களையும் போடலாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் புதிதாக என்ன இருந்திருக்கும்? பணியில் சேரும்போது இல்லாத நோய் பின்னர் வந்தால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்று உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது 2013-லேயே.

திருச்சி மாவட்டத்து மருங்காபுரிப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு, ‘பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல’ என்று ஒரு வரி எழுதிவிடும். காரணம் பெரும்பாலும் இராது. முதல் மேல்முறையீடும் இரண்டாவதும் அதே துறைக்குள்ளேதான். மறுத்தவர்களிடமே போய் நிற்க வேண்டும். பிறகுதான் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னையில் உள்ள தீர்ப்பாயம். பஸ் செலவு, வக்கீல் செலவு, வாய்தா. மானாவாரிக் காட்டை வைத்திருப்பவர் இத்தனையையும் தாங்கி ஜெயித்து வந்தால், ‘உயர் நீதிமன்றத்துக்கு வா’ என்கிறார்கள். தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை உயர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது தோற்ற சிப்பாய்க்கும் வழி திறந்ததாகவே நம்பினோம். அந்த வழியில் முண்டியடித்து நுழைந்தது அரசு.

மேல்முறையீடு தோற்றவர் உரிமை என்பார்கள். இருக்கட்டும். ஒரே கேள்வியில் எத்தனை முறை தோற்பது? சிப்பாய் கைக்காசைப் போட்டு வாதாடுகிறார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நம் வரிப்பணம் போகிறது.

அரசுத் தரப்பினருக்கு இது வழக்கமும்கூட. 20 சதவீத இயலாமையை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகையை 2001-ல் கொண்டுவந்தார்கள். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் கிடையாது என்றார்கள். அந்தப் பாகுபாடு செல்லாது என்று 2014-ல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. 2019-ல் அதே ஆட்களின் இயலாமை ஓய்வூதியத்துக்கு வருமான வரி என்று சுற்றறிக்கை விட்டார்கள். அதற்கும் உச்ச நீதிமன்றமே குறுக்கே வந்தது. காஷ்மீர் ரோந்தில் கடுங்குளிரில் உயிர்விட்ட வீரரின் மனைவியை உச்ச நீதிமன்றம்வரை அலைக்கழித்ததற்காக, 2024 டிசம்பரில் 50,000 ரூபாய் அபராதமும் வாங்கினார்கள். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சட்டப் பிரச்சினை ஏதும் இல்லாத வழக்குகளைத் திரும்பப் பெறட்டும். எப்படி, எந்தக் குழு வைத்து என்பதெல்லாம் அவர்கள் பாடு. ஆனால் அடுத்த மனுவில் கையெழுத்திடும் அதிகாரியின் பெயரை நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்க, திருச்சி, கரூர் எம்.பி.க்களுக்கு என்ன தடை?