வீடு மாறினால் நிற்கும் இருமல்



ஜப்பானின் மேற்கு, தெற்குப் பகுதிகளில் கோடை பிறந்தால் சிலருக்குக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு எல்லாம் சேர்ந்து வரும். மருத்துவமனையில் சேர்ந்தால் பெரிதாக மருந்து கொடுக்காமலே பலர் தேறிவிடுவார்கள். வீடு திரும்பியதும் மறுபடி காய்ச்சல். குளிர்காலத்தில் அடங்கி, அடுத்த ஜூனில் தலைகாட்டும். பகலெல்லாம் வீட்டோடு இருக்கும் பெண்கள்தான் இதில் அதிகம் அவதிப்பட்டார்கள்.

1980களில் ஜப்பானிய மருத்துவர்கள் காரணத்தைக் கண்டறிந்தார்கள். டிரைக்கோஸ்போரான் என்ற பூஞ்சை. வெயில் எட்டாத பழைய மரவீடுகளில், குளியலறையையும் சமையலறையையும் ஒட்டி உளுத்துப்போன பலகைகளிலும், ஈரம் ஏறிய பாய்களிலும் அது வளர்ந்திருந்தது. அதன் நுண்துகள் மூச்சோடு உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறிச் சீறுகிறது. நுரையீரலின் காற்றறைகள் அழற்சி கண்டுவிடுகின்றன. சுவாசித்துச் சில மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் வருவதால், வீட்டின்மேல் யாருக்கும் சந்தேகம் எழாது. அதனால் நோயாளியை மருத்துவரின் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பதையே அங்கே ஒரு பரிசோதனையாக வைத்திருக்கிறார்கள்! உளுத்த மரத்தைப் பெயர்த்து எறிந்த வீடுகளில் நோய் திரும்பவில்லை.

இது ஜப்பானோடு நிற்கிற கதையும் இல்லை. இந்தியாவின் 19 நகரங்களில் நுரையீரல் திசு நோய் கண்ட 1,084 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது இதே வகை ஒவ்வாமை அழற்சிதான். அவர்களிலும் பாதிப் பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். கூலருக்குள் ஊறிக் கிடக்கும் அந்தப் புல் தட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, பூசணம் பூத்திருக்கும். அதன் வழியாக வரும் காற்றைத்தான் இரவெல்லாம் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள்.

இன்னொன்றை நினைத்தால் எனக்கு மனம் ஆறவே ஆறாது. ஓதம் ஏறிய சுவருக்கு மேலாக வெள்ளையடித்து, புதிதாகக் குடிவருபவரிடம் சாவியைக் கொடுக்கும் வழக்கம். கசிவை நிறுத்தாமல் அடிக்கும் பெயிண்ட் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அடுத்த மழைக்குப் பீரோவை நகர்த்தினால், பின்னால் கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கும். வாடகை வாங்குகிறவருக்குக் கசிவை அடைத்துக் கொடுக்கும் கடமையும் உண்டு.

இந்த நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரலில் தழும்பு விழும், அது மாறாது. எனவே ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போனால் குறைந்து, வீட்டுக்கு வந்தால் கூடுகிற இருமல் உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ இருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும், சுவர் ஓதத்தையும் கூலரையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.