நாலு கை சேர்ந்தால் ஒரு நத்தை!

“எனக்கு வரையவே வராது.”

நாலு வயதில் எந்தக் குழந்தையும் இப்படிச் சொல்வதில்லை. சுவர், தரை, அப்பாவின் டைரி என்று கிடைத்த இடத்தில் எல்லாம் கிறுக்கித் தள்ளும். எட்டு, ஒன்பது வயதில்தான் இந்த வார்த்தை வாயில் வருகிறது. அக்கா வரைந்த மயில் மயில் மாதிரியே இருக்கிறது, தான் வரைந்தது கோழி மாதிரி இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்கே தெரிய ஆரம்பிக்கும் வயது அது. “பாரு, அக்கா எவ்ளோ அழகா வரைஞ்சிருக்கா!” என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். கிரேயான் டப்பா அலமாரிக்குள் போய்விடும்.

அந்த டப்பாவை வெளியே கொண்டுவர எளிய வழி ஒன்று உண்டு. ஆளுக்கொரு படம் வரையாமல், எல்லோரும் சேர்ந்து ஒரே படத்தை உருவாக்குவது. இதற்கு அருமையான வழிகாட்டி, பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஹென்றி மத்தீஸ்.

தூரிகைக்குப் பதில் கத்தரிக்கோல்

1869-ல் பிறந்த மத்தீஸுக்கு, 1941-ல் வயிற்றுப் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 71. அதன்பிறகு படுக்கையும் சக்கர நாற்காலியும்தான் வாழ்க்கை என்றானது. நெடுநேரம் நின்று ஓவியம் தீட்ட முடியவில்லை. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் கலர் பூசிக் காயவைப்பார்கள். அதை மத்தீஸ் வெட்டுவார். வெட்டிய துண்டுகளை உதவியாளர்கள் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று அவர் சொல்லச் சொல்ல, துண்டுகள் இடம் மாறும். அவருக்குத் திருப்தி வந்த பிறகுதான் ஒட்டுவது.

1953-ல் அப்படி உருவானதுதான் ‘நத்தை’. உயரம், அகலம் இரண்டுமே சுமார் 2.86 மீட்டர்! இப்போது இங்கிலாந்தின் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. கோணல்மாணலாக வெட்டிய பெரிய கலர் துண்டுகள்தான் படம் முழுக்க. அவை சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும் விதத்தில் நத்தை ஓட்டின் சுழல் தெரியும். 83 வயதுக்காரரின் படம் அது. அவர் ஒருவரின் கையால் மட்டும் அது முடிந்திருக்காது.

வீட்டில் எப்படிச் செய்வது?

நாலைந்து குழந்தைகள் சேரும் விடுமுறை நாள் போதும்.

* நான்கு சார்ட் பேப்பர்களைப் பின்பக்கம் டேப் போட்டு இணைத்துத் தரையில் விரியுங்கள்.

* வெள்ளைத் தாள்களில் போஸ்டர் கலர் பூசட்டும். ஒரு தாளுக்கு ஒரே கலர். இதற்குச் சின்னக் குழந்தைகளே போதும். நன்றாகக் காயவிடுங்கள்.

* அடுத்தது வெட்டுவது. பென்சிலால் வரைந்துகொள்ளக் கூடாது. நுனி மழுங்கிய கத்தரிக்கோலே போதும். கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பினால் வளைவு அழகாக வரும். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத வாண்டுகள் கையால் கிழிக்கலாம்.

* உடனே ஒட்ட வேண்டாம். ஆளுக்கொரு துண்டாக முறைவைத்து அடுக்கட்டும். அடுத்தவர் வைத்ததை நகர்த்த வேண்டும் என்றால், அவரைக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

* இரண்டு, மூன்று விதமாக அடுக்கி, போனில் படம் எடுத்துப் பாருங்கள். எல்லோருக்கும் பிடித்ததை முடிவு செய்து பசை போடலாம்.

நான்காவது கட்டத்தில் கண்டிப்பாகச் சண்டை வரும். வரட்டும். “என் சிவப்பை ஏன் தள்ளின?” என்று கேட்கும் குழந்தைக்கு, “பச்சை பக்கத்துல வெச்சா இன்னும் நல்லா தெரியும்” என்று இன்னொன்று பதில் சொல்லும். சேர்ந்து செய்யும் ஓவியத்தில் கற்றுக்கொள்வது இந்தப் பேச்சைத்தான்.

பெரியவர்கள் கவனத்துக்கு

மத்தீஸின் படத்தைக் காட்டுங்கள், கதையைச் சொல்லுங்கள். பிறகு படத்தை மூடிவிடுங்கள். அதையே பார்த்துச் செய்யச் சொன்னால், ‘யாருடையது அச்சு அசல்?’ என்ற பழைய போட்டி திரும்ப வந்துவிடும். நத்தைக்குப் பதில் மீன்தொட்டியா, மழை நாளா என்பதைக் குழந்தைகளே முடிவு செய்யட்டும்.

கோணலாக வெட்டியதை நேராக்கித் தருகிறேன் என்று கத்தரிக்கோலை வாங்காதீர்கள். அம்மா திருத்திய துண்டு அம்மாவுடையதாகிவிடும். “இது என்ன?” என்று கேட்பதைவிட, “இதை ஏன் இங்க வெச்சீங்க?” என்று கேளுங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். படத்தின் ஓரத்தில் கலர் பூசிய கடைக்குட்டி உட்பட எல்லோர் பெயரும் இருக்கட்டும்.

படத்தை ஹாலில் மாட்டுங்கள். “எனக்கு வரையவே வராது” என்ற குழந்தை, வீட்டுக்கு வரும் தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும்.

“தாத்தா, அந்த மஞ்சள் நான் வெட்டினது!”