கொஞ்ச நார் காணும்

இங்கே டென்மார்க்கில் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தால், என் மேசையைப் பார்த்ததும் கேட்கிற முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "உதென்னண்ணை, பொம்மைக்குத் தலைமயிர் வைக்கிற வேலையோ?" மேசையில் கிடப்பது செயற்கை நார். வெள்ளை, ஒலிவ் பச்சை, இளஞ்சாம்பல் என்று சின்னச் சின்னப் பைகளில் இருக்கும். அதைத் தூண்டில் முள்ளில் நூலால் கட்டி ஸ்ட்ரீமர் செய்கிறேன். பனிக்காலத்து இரவுகள் எனக்கு அப்படித்தான் போகின்றன.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'பிளை' என்றால் ஈ, பூச்சி. பூச்சியைப் போலக் கட்டிய தூண்டிலை, பாரமான நூலின் உதவியால் வீசிப் பிடிப்பதுதான் பிளை மீன்பிடி. ஸ்ட்ரீமர் பூச்சியல்ல, சிறு மீனின் வேடம். பியூன் தீவின் கரைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாங்கள் தேடுவது கடல் ட்ரவுட். இறால், கடற்புழு, மணலுக்குள் புகுந்து ஒளிக்கும் 'தோபிஸ்' என்ற மெல்லிய மீன் எல்லாம் அதன் சாப்பாடு. அந்தத் தோபிஸைத்தான் நான் நாரில் செய்யப் பார்க்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்கினால் ஒரு சண்டைக்குள்ளும் இறங்கத்தான் வேண்டும். இறகும் மிருக முடியும்தான் உண்மையான பிளை, மற்றதெல்லாம் பிளாஸ்ரிக் குப்பை என்பார்கள் ஒரு பகுதியினர். செயற்கை நார் வந்த பிறகு மான்வாலுக்கு என்ன வேலை என்பார்கள் மற்றவர்கள். நான் நெடுங்காலம் இரண்டாவது கட்சிதான். இன்றைக்கு இரண்டு பகுதியும் பாதி சரி, பாதி பிழை என்றுதான் எனக்குப் படுகிறது.

செயற்கை நாரின் நன்மைகளை மறுக்க ஏலாது. அது தண்ணீரைக் குடிக்காது. முயல் தோலில் நீளமாகக் கட்டிய பிளை நனைந்தால் ஈரத்துணி மாதிரிப் பாரமாகி, வீசுகிறபோது தோள்மூட்டைப் பிடித்துவிடும். நார் ஒரு வீச்சிலேயே தண்ணீரை உதறிவிடும். மான்வால் முடியின் நீளத்தை மான் தீர்மானிக்கிறது. நாரின் நீளத்தை நாங்கள் தீர்மானிக்கலாம். எல்லாவற்றையும் விட, தோபிஸ் போன்ற சிறு மீன்களின் உடம்பு அரைவாசி கண்ணாடி மாதிரி, வெளிச்சம் ஊடாகப் போகும். அந்தத் தன்மை நல்ல நாரில் இருக்கிறது.

ஆனால் நான் முதலில் கட்டியவை ஒன்றும் நீந்தவில்லை. விலை கொடுத்து வாங்கிய நார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அள்ளிவைத்துக் கட்டினேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. தண்ணீரில் போட்டால் தும்புக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. கரையில் அடிக்கடி சந்திக்கிற ஒரு டேனிஷ் கிழவர், இயற்கைக் கட்சிக்காரர், அதை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். "பிளாஸ்ரிக் என்பது உன் முதலாவது பிரச்சினை இல்லை. அளவுதான் பிரச்சினை" என்றார். தன் சட்டைப்பையில் இருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, என்னைக் கேட்காமலே மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எறிந்தார். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. மிஞ்சியதைத் தண்ணீருக்குள் இழுத்துக் காட்டினார். அது நெளிந்தது. நூல் நின்ற பிறகும் வால் ஒருமுறை ஆடி அடங்கியது.

காரணம் எளிது. மிருக முடி அடியில் தடித்து நுனியில் மெலியும். அதனால் நுனி தானாகவே ஆடும். தொழிற்சாலை நார் அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிப்பு. நேராக வெட்டிக் கட்டினால் பல்துலக்கும் தூரிகைதான் மிஞ்சும். மீனின் உடம்பு போன்ற மெலிவை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும். இரண்டாவது காரணம், அசைவு நாரில் இல்லை, நார்களுக்கு நடுவே ஓடும் தண்ணீரில் இருக்கிறது. இடைவெளி இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படி ஓடும்?

நான் இப்போது செய்கிற முறை இதுதான். அழுத்திப் பிடித்தால் ஒரு தீக்குச்சித் தடிப்பு வருகிற அளவு நாரை மட்டும் எடுப்பேன். அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி இழுப்பேன். மூன்று நான்கு முறை செய்தால் நுனிகள் ஒழுங்கு கெட்டு ஏறி இறங்கி நிற்கும். அதை நடுவில் வைத்துக் கட்டி, முன்னால் நிற்கும் பாதியைப் பின்னால் மடித்து மறுபடி கட்டுவேன். இந்த நார் வழுக்கும், மடிக்காவிட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும். கத்தரிக்கோலை நாருக்குக் குறுக்கே பிடிக்கக் கூடாது, நார் ஓடும் திசையிலேயே சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்த வேண்டும். மெத்தென்ற நார் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்ளும், ஆகவே அந்த இடத்தில் கட்டையாக விறைப்பான நார் கொஞ்சம் முண்டு கொடுக்க வேண்டும். மினுங்கும் இழை இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். பிறகு குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து இழுத்துப் பாருங்கள். நாருக்குள்ளால் முள் நிழல்போலத் தெரிந்தால் சரி. இழுத்து நிறுத்திய பிறகும் வால் அசைந்தால் மெத்தச் சரி.

இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பொப் கிளவுசர் என்பவர் 1980களில் கட்டிய ஒரு ஸ்ட்ரீமர் இன்று உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. முன்பக்கம் இரண்டு உலோகக் கண், பின்னால் கொஞ்ச மான்வால் முடி, சில மினுங்கும் இழை, அவ்வளவுதான். இழுத்தால் எழும், விட்டால் தலைகுப்புற இறங்கும். கடையில் அதைப் பார்க்கிறவன் 'இதற்கா காசு?' என்று கேட்பான். மீன் கேட்பதில்லை.

இனி இயற்கைக் கட்சியிடம் ஒரு கேள்வி. இறகு என்றால் பாவம் இல்லாததா? 1924 யூலை 1ஆம் திகதி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொப்பி அலங்கரிக்கும் தொழில் தெரிந்த கரி ஸ்டீவன்ஸ் என்ற பெண், தான் கட்டிய பிளையால் 6 இறாத்தல் 13 அவுன்ஸ் நிறையுள்ள ட்ரவுட் ஒன்றைப் பிடித்தார். அந்த வழியில் வந்ததுதான் கிரே கோஸ்ட் என்ற புகழ்பெற்ற இறகு ஸ்ட்ரீமர். அதன் கன்னத்தில் வைக்கும் கண் போன்ற இறகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? தமிழ்நாடு உட்பட இந்தியத் தீபகற்பத்துக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து. அந்தக் கழுத்துத்தோல் முன்பு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏராளமாகப் போனது. பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தது. இன்று சட்டப்படி கிடைப்பது வளர்ப்புப் பறவைகளின் இறகுதான். துருவக் கரடியின் முடியும் இப்படித்தான். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது கிடைப்பது அரிதாகி, கட்டுகிறவர்கள் மாற்று நாரைத் தேட வேண்டி வந்தது. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் இளம் மாணவன் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். எதற்காக? பழைய சமன் பிளைகளுக்குரிய அரிய இறகுகளுக்காக. இயற்கை, பாரம்பரியம் என்ற சொற்கள் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதனால் பிளாஸ்ரிக் புனிதம் என்று சொல்ல வரவில்லை. ஊரில் என் பெரியையா பருத்தி வலைக் காலத்தையும் நைலோன் வலைக் காலத்தையும் கண்டவர். பருத்தி வலைக்கு மரப்பட்டை அவித்துச் சாயம் ஊட்ட வேண்டும், காயப்போட வேண்டும், அப்படியும் உக்கிப்போகும். நைலோன் வந்தபோது கும்பிட்டு வாங்கினார்களாம். நான் பிறந்து வளர்ந்த காலத்தில், அறுந்த தங்கூசியும் வலைத்துண்டும் கரை மண்ணுக்குள் கிடந்து எங்கள் காலைச் சிக்கவைக்கும். "உது உக்காதடா தம்பி. நாங்கள் போனாலும் உது கிடக்கும்" என்பார். நாங்கள் போய்விட்டோம். உண்மையிலேயே அது அங்கேதான் கிடக்கும்.

அந்த வசனம் என் மேசைக்கு முன்னால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. கத்தரிக்கும் ஒவ்வொரு துண்டும் பிளாஸ்ரிக். நிலத்தில் கொட்டிக் கூட்டினால் குப்பைத்தொட்டிக்குப் போகும். ஆற்றங்கரையில் நின்று பிளையைச் சீவினால் நேரே தண்ணீருக்குள் போகும். அன்று அந்தக் கிழவர் வெட்டி எறிந்ததும் கடலுக்குள்தான் போனது. நான் அதைக் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. இப்போது என் மேசை விளிம்பில் ஒரு பை தொங்குகிறது, சீவல் எல்லாம் அதற்குள். கரையில் பிளையைக் கத்தரிப்பதை விட்டுவிட்டேன். கல்லில் கொழுவினால் இழுத்து அறுக்காமல், முடிந்தவரை நடந்துபோய்க் கழற்றுகிறேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இயற்கையா செயற்கையா என்று சண்டை பிடிப்பதை விட, எவ்வளவு என்று கேட்பது நல்லது. கொஞ்ச நாரில் கட்டிய பிளைதான் உயிருள்ளதுபோல நீந்துகிறது. கொஞ்ச நாரில் கட்டினால்தான் கடலுக்குப் போகும் குப்பையும் குறைகிறது. மீனுக்கும் கடலுக்கும் ஒரே பதில் பொருந்துவது அபூர்வம். பொருந்தும்போதாவது நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டாமா?

இந்த ஏப்ரலில் 52 சென்ரிமீற்றர் நீளமான கடல் ட்ரவுட் ஒன்று அகப்பட்டது. இங்கே 40க்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மனிசி சரக்குத்தூள் போட்டுக் குழம்பு வைத்தா. பிடித்த பிளை மூன்று வருடப் பழசு. மீன்களின் பல் பட்டுப் பட்டு, கட்டியபோது இருந்ததில் அரைவாசி நார்தான் அதில் மிச்சம். புதிதாக இருந்தபோதை விட இப்போது அது நன்றாகப் பிடிக்கிறது. அந்த மற்ற அரைவாசி எங்கே என்பது எனக்குத் தெரியும்.

மே மாதம் 'ஹோர்ன்பிஸ்க்' வரும். எங்கள் முரலின் உறவு, அதே நீட்டுச் சொண்டு. எலும்பு மாதிரி இறுகிய அந்தச் சொண்டில் முள் ஏறுவது கஷ்டம். அதனால் இங்கத்தையவர்கள் முள்ளே இல்லாமல், பட்டு நூல் குஞ்சம் ஒன்றைப் பல்லில் சிக்கவைத்தே பிடிக்கிறார்கள். அந்தக் கதை அடுத்த முறை.