வடசென்னைக்குக் கலர் கிடையாதா?

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஒரு சாவு ஊர்வலம் போய் அரை மணி நேரம் கழித்து அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். பூப்பல்லக்கிலிருந்து பிய்த்துப் போட்ட ரோஜா இதழ், சாமந்தி, நடுவில் கொஞ்சம் பொரி, வெடித்துச் சிதறிய பட்டாசின் சிவப்புத் தாள். ஆட்டோவும் தண்ணி லாரியும் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கும். போனவர் யார் என்று தெரியாதவனுக்குக்கூட, யாரோ ஒருவரை நாலு பேர் சேர்ந்து மரியாதையாக அனுப்பி வைத்திருக்கிறார்கள் என்று அந்த ரோடு சொல்லும்.

இப்போது அதையே போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டிக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ரோட்டில் கிடப்பது குப்பை. அவ்வளவுதான். ரோஜாவின் சிவப்பும் தாரின் கருப்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலுக்கு வந்து சேர்ந்துவிடும். பார்க்கிறவன் "ச்சே, எவ்வளவு அழுக்கான ஏரியா" என்பான். கூடவே "செம போட்டோ மச்சி" என்றும் சொல்வான். அதுதான் கொடுமை.

வடசென்னையைப் படம் பிடிக்க வருகிற தம்பிமார்களுக்கு (அண்ணன்மார்களுக்கும்தான்) இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. மெரினாவில் எடுத்தால் கலர். மயிலாப்பூர் தேர் என்றால் கலரோ கலர். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று பேசின் பிரிட்ஜைத் தாண்டிவிட்டால் மட்டும் எங்கிருந்தோ கருப்பு வெள்ளை வந்து குதிக்கும். ஒரு பாட்டியின் சுருக்கம் விழுந்த முகம், ஒரு துருப்பிடித்த படகு, ஓடுகிற பையன்கள். கீழே 'வாழ்க்கை' என்று ஒற்றை வார்த்தையில் தலைப்பு. கேட்டால் "கலர் கவனத்தைச் சிதறடிக்கும் பாஸ்" என்று பதில் வரும். எதிலிருந்து சிதறடிக்கும்? அந்தப் பாட்டி ஆசையாகக் கட்டியிருக்கிற கிளிப்பச்சைச் சேலையும் அந்தப் பாட்டிதானே?

இந்தப் பழக்கம் இங்கே பிறந்ததல்ல. அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ், கலர் போட்டோகிராஃபியே கொச்சையானது என்று ஒரு காலத்தில் தீர்ப்பு எழுதினார். பிறகு 1970களில், வயதான காலத்தில், அவரே போலராய்டு கேமராவை வாங்கிக்கொண்டு கலரில் எடுத்துத் தள்ளினார்! 1976ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் எக்கிள்ஸ்டனின் கலர்ப் படங்களை மாட்டியபோது பல விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். இந்தியாவில் இந்தச் சண்டையை நேராகப் போட்டவர் ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் (1942–1999). கருப்பு வெள்ளை என்பது மேற்கத்தியர்களின் மனச்சோர்விலிருந்து வந்த பார்வை, இந்தியக் கண்ணுக்குக் கலர் என்பது மேல்பூச்சு இல்லை, பார்வையே அதுதான் என்பது அவருடைய வாதம். 1998ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'வண்ணங்களின் நதி' என்ற பொருளில்தான் இருக்கும். அவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இந்தியா என்றாலே கலர் கலராக இருக்கும் என்பதும் டூரிஸ்ட் போஸ்டர் பேச்சுதான். ஆனால் கலரை எடுத்துவிட்டால் கனம் கூடிவிடும் என்ற மூடநம்பிக்கையை அவர் உடைத்தார்.

கருப்பு வெள்ளைக்காரர்கள் உடனே போபாலைக் கொண்டுவருவார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். 1984 டிசம்பர் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, பெயர் தெரியாத ஒரு குழந்தையைப் புதைக்கும் காட்சியை ரகு ராய், பாப்லோ பார்த்தலோமியு இருவருமே எடுத்தார்கள். பாப்லோ எடுத்தது கலர். அது அந்த ஆண்டின் சிறந்த படமாக வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது வாங்கியது. ரகு ராய் எடுத்தது கருப்பு வெள்ளை. போபால் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரகு ராயின் படத்துக்குக் கலர் தேவைப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூடாத கண், மண், ஒரு கை. அந்த மூன்றுமே போதும். கண்ணுக்கு நிறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சேதி மாறவில்லை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. எல்லாப் படமும் கலரில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கலரை எடுத்தால் சேதி மாறுகிறதா, இல்லையா? மாறவில்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மாறினால் அது திருட்டு. கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் போட்ட கையெழுத்தை ஜெராக்ஸ் எடுத்து நீட்டினால் கவுன்டரில் இருப்பவர் "ஒரிஜினல் எங்கப்பா?" என்பார். எழுத்து அதே எழுத்துதான், சுழியும் அதே சுழிதான். ஆனால் பச்சை போனதும் அத்தாட்சி போய்விட்டது.

எண்ணூரில் அத்தாட்சியே கலர்தான். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கரைக்கு வந்த எண்ணெயை மீனவர்களும் காலேஜ் பசங்களும் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு, எல்லாவற்றிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

தண்ணீரில் மிதக்கும் எண்ணெயை ஆகாயத்திலிருந்து எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கலரைப் பார்த்துத்தான்! ஐரோப்பியக் கடலோர நாடுகளின் பான் உடன்படிக்கையில் இதற்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது. வெள்ளி மாதிரி மினுங்கினால் படலத்தின் கனம் 0.04 முதல் 0.3 மைக்ரான். வானவில் தெரிந்தால் 0.3 முதல் 5 மைக்ரான். உலோகப் பளபளப்பு என்றால் 5 முதல் 50. அதற்கு மேலே போனால் எண்ணெயின் சொந்த நிறமே தெரிய ஆரம்பிக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரான் கனத்துக்கு எண்ணெய் பரவினால் அது 1,000 லிட்டர். ஆக, அதே ஒரு சதுர கிலோமீட்டர் வானவில்லாகத் தெரிந்தால் 300 முதல் 5,000 லிட்டர். உலோகமாகத் தெரிந்தால் 5,000 முதல் 50,000 லிட்டர். எவ்வளவு கொட்டியது, யார் கட்ட வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கெல்லாம் இந்த நிற வித்தியாசத்துக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கிறது.

இந்தத் தண்ணீரைக் கருப்பு வெள்ளையாக்கினால் என்ன ஆகும்? வானவில்லும் போச்சு, பழுப்பும் போச்சு. மிஞ்சுவது சாயங்கால வெளிச்சத்தில் மினுங்குகிற ஆறு, அதில் ஒரு படகு, அதில் ஒரு மனுஷன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். காலண்டரில்கூடப் போடலாம். கொட்டியவர்களுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டான்.

இன்னொரு வேடிக்கை, சாம்பல். "சாம்பல் நிறத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் நிறையக் குறையும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் செப்பாக்கம் என்று ஒரு ஊர். காற்றடித்தால் சாம்பல் பறக்கும் இடம். அங்கே சாம்பல் படிந்த ஒரு செடியைக் கலரில் எடுத்தால், மேலே வானம் நீலமாக இருக்கும், கொடியில் காயும் பாவாடை சிவப்பாக இருக்கும், செடி மட்டும் சாம்பலாக நிற்கும். ஊரின் நிறத்தை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பார்த்த உடனே தெரியும். கருப்பு வெள்ளையில் எடுத்தால் வானமும் சாம்பல், பாவாடையும் சாம்பல், செடியும் சாம்பல். நிறத்தை எடுத்தது அனல்மின் நிலையமா, போட்டோகிராஃபரா? படத்தைப் பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்?

காசிமேட்டில் மீன் வாங்குகிற எந்த அம்மாவையும் கேளுங்கள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி ரத்தச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்காமல் பர்ஸைத் திறக்கமாட்டார்கள். செவுள் வெளுத்திருந்தால் பேரமே கிடையாது, அடுத்த கடைதான். மீனைத் தொட்டும் பார்க்க முடியாது, மோந்தும் பார்க்க முடியாது என்ற நிலையில் இருக்கிற போட்டோவிலிருந்து அந்தச் சிவப்பையும் பிடுங்கிவிட்டு "இதுதான் காசிமேட்டின் ஆன்மா" என்றால் என்ன சொல்வது? :-)

மறுபடியும் மூலக்கொத்தளத்துக்கே வருவோம். முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939ல் உயிரை விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது. ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாளில் கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து நிற்பார்கள். அதைக் கருப்பு வெள்ளையில் எடுத்தால் எல்லாக் கரைவேட்டியும் ஒரே கரைவேட்டி, எல்லாத் துண்டும் ஒரே துண்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்பதைக்கூட அந்தப் படம் சொல்லாது. கலரையே அடையாளமாக வைத்து ஓட்டுக் கேட்கிற ஊரில், சுவரில் அடித்த நீலத்துக்கும் சிவப்புக்கும் சண்டை நடக்கிற ஊரில், 'காலத்தைக் கடந்த படம்' என்று இதற்குப் பெயர் வேறு. அந்த ஊர்க்காரர்கள் காலத்துக்குள்தான் இருக்கிறார்கள். இந்த மாத வாடகை இந்த மாதமே கட்ட வேண்டும்.

கருப்பு வெள்ளையைத் தவிர வேறு வழியே இல்லாத காலத்தில் நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பழைய வீட்டுச் சுவர்களைப் பார்த்தால் தெரியும். பிரிண்ட் போட்ட பிறகு சின்ன பிரஷை எடுத்து உதட்டுக்குச் சிவப்பு, சேலைக்குப் பச்சை, கம்மலுக்கு மஞ்சள் என்று கையாலேயே தீட்டிக் கொடுத்தார்கள். அதற்கும் காசில்லாத வீடுகளில், இறந்துபோன தாத்தாவின் கருப்பு வெள்ளைப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி, கண்ணாடியின் மேல் நெற்றிக்கு நேராக ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கிற வீடுகள் மூலக்கொத்தளத்தில் இன்னும் இருக்கின்றன.