தொலைநோக்கியைத் தொடாமல் ஒரு தொலைநோக்கிப் பயிற்சி



தொலைவிலிருந்து இயக்கும் தொலைநோக்கிகளை வகுப்பறையில் பயன்படுத்துவது பற்றி அறிவியல் ஆசிரியர்களுக்கு அண்மையில் நடந்த இணையவழிப் பயிற்சியில், கலந்துகொண்டவர்களில் ஒருவர்கூடத் தொலைநோக்கியை இயக்கவில்லை. இரண்டு மணி நேரமும் காணொளி ஓடியது. சுற்றறிக்கையில் ‘நேரடிச் செயல்விளக்கம்’ என்று போட்டிருந்த பகுதியும் பழைய பதிவுதான்; திரையின் மூலையில் இருந்த தேதியே அதைக் காட்டிக்கொடுத்தது. தங்கள் பள்ளிக்கு எப்போது நேரம் ஒதுக்குவார்கள் என்று ஓர் ஆசிரியை கேட்டார். விவரம் வாட்ஸ்அப் குழுவில் வரும் என்றார் கருத்தாளர். குழுவில் வந்தவை பின்னூட்டப் படிவமும் சான்றிதழுக்கான இணைப்பும் மட்டுமே. படிவத்தை நிரப்பாதவர்களின் பட்டியல் மறுநாள் காலையிலேயே தலைமையாசிரியர்களின் கைக்குப் போய்விட்டது. அந்த ஆசிரியையின் கேள்விக்குத்தான் இன்றுவரை பதில் இல்லை.

சோதனைக் குழாயைக் கண்ணில் காட்டாமல் உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுத்துவிட்டு, செய்முறைத் தேர்வில் தேர்ச்சி என்று எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பயிற்சி முடிந்ததும் வைத்த வினாடி வினாவில் கேட்டவையும் தொலைநோக்கியின் ஆடி விட்டம், அது இருக்கும் நாடு போன்றவைதான். எந்த ஆசிரியரும் அவற்றைக் கொண்டு ஒரு பாடவேளையை நடத்திவிட முடியாது.

இத்தகைய தொலைநோக்கிகள் புதியவை அல்ல. பிரிட்டனின் டில் ஃபால்க்ஸ் கொடுத்த நிதியில் உருவான இரண்டு 2 மீட்டர் தொலைநோக்கிகள், ஹவாயின் ஹாலேயகாலா மலையிலும் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலும் இருக்கின்றன. 2005 முதல் லாஸ் கும்ப்ரெஸ் வான்நோக்ககம் அவற்றை நடத்துகிறது. அவற்றில் பள்ளிகளுக்கு நேரம் ஒதுக்குவது தொடர்கிறது. லா பால்மா தீவில் இருக்கும் 2 மீட்டர் லிவர்பூல் தொலைநோக்கியும் பள்ளி மாணவர்களின் கோரிக்கைகளுக்குப் படம் எடுத்துத் தருகிறது. ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தின் மைக்ரோஅப்சர்வேட்டரி இன்னும் எளிது. ஆறு அங்குல ஆடி கொண்ட சிறு கருவிகள்தாம். எதைப் பார்க்க வேண்டும், எத்தனை விநாடி ஒளி விழ வேண்டும், எந்த வடிகட்டி என்று குறித்து மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் போதும். படம் மின்னஞ்சலில் வந்துவிடும். கட்டணம் கிடையாது.

நேரக் கணக்கும் இந்தியப் பள்ளிகளுக்குச் சாதகமாகவே இருக்கிறது. இங்கே காலை 11.30 மணி என்றால் ஹவாயில் முந்தைய நாள் இரவு 8 மணி. மைக்ரோஅப்சர்வேட்டரியின் கருவிகள் உள்ள அரிசோனாவில் இரவு 11 மணி. இரவில் மாணவர்களை வரவழைக்காமல், மூன்றாம் பாடவேளையிலேயே இருண்ட வானத்தைப் பார்க்கலாம். இரண்டு மணி நேரப் பயிற்சியில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆசிரியர் தடுமாறும் இடங்கள் தொலைநோக்கியின் வரலாற்றில் இல்லை, வேலையில்தான் இருக்கின்றன. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், படங்களில் பார்த்துப் பழகிய ஓரியன் நெபுலாவைத்தான் பெரும்பாலோர் முதலில் கேட்பார்கள். அப்போது அது சூரியனோடு பகலில் உதித்து மறைவதால் படம் கிடைக்காது. அந்த மாதத்தில் ஹெர்குலிஸ் விண்மீன் தொகுதியில் உள்ள எம்13 கொத்தைக் கேட்க வேண்டும். நிலாவுக்கு ஒளி விழும் நேரத்தைக் கூட்டிவிட்டால் பள்ளம் எதுவும் தெரியாது, வெள்ளை வட்டம்தான் வரும். வண்ணப் படம் வேண்டுமானால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளில் தனித்தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை, வந்த படத்தைத் திறக்கும்போது வருவது. வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் (FITS) கோப்பைத் திறந்தால் திரை முழுக்கக் கறுப்பு. அங்கங்கே சில வெள்ளைப் புள்ளிகள். படம் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். கெடவில்லை. கேமரா ஒளியை 0 முதல் 65,535 வரையிலான எண்களாகப் பதிகிறது. நெபுலாவின் மங்கலான ஒளி அந்த அளவுகோலின் அடிப்பகுதியில் ஒரு சிறு இடைவெளிக்குள் அடங்கிக் கிடக்கிறது. மேல் எல்லையைக் கீழே இறக்கி அந்த இடைவெளியை விரித்தால், இருட்டிலிருந்து வாயு மேகம் மெல்ல எழுந்து வரும். ஒரு முறை தன் கையால் இதைச் செய்த ஆசிரியர் மறக்க மாட்டார். மாணவர்களுக்குக் காட்டாமல் இருக்கவும் மாட்டார். செய்யாதவர் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, இனி இந்த வம்பே வேண்டாம் என்று கணினியை மூடிவிடுவார். இணையவழிப் பயிற்சி என்ற ஒன்று தேவைப்படுவதே இந்த இடத்துக்காகத்தான். காணொளியில் இது இல்லவே இல்லை.

இணைய வேகம் போதாது என்ற சமாதானம் எடுபடாது. கோரிக்கையைப் பதிவுசெய்துவிட்டுப் படம் வரும்வரை காத்திருக்கும் முறைக்கு, காணொளிப் பயிற்சிக்குத் தேவைப்படும் வேகத்தில் சிறு பகுதிகூட வேண்டாம். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பதும் பொருந்தாது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் அண்டம் பற்றிய பாடம் இருக்கிறது. இணையதளங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்றால், அவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்லத்தான் கருத்தாளர் வருகிறார்.

வழிகாட்ட ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. திருப்பத்தூர் மாவட்டத்தின் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. லடாக்கின் ஹன்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இமாலய சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள், அதுவும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக. ஆராய்ச்சிக்கான அந்தக் கருவிகளைப் பள்ளிகளுக்குத் திறந்துவிடும்படி யாரும் கேட்கவில்லை. தொலைவிலிருந்து இயக்கிப் பழகியவர்களில் ஒருவரைக் கருத்தாளராக ஏன் அழைக்கவில்லை என்பதே கேள்வி. அழைக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற எண்ணிக்கை மேலிடத்துக்குப் போனால் போதும் என்றிருப்பவர்கள், எத்தனை வகுப்பறைகளில் ஒரு படமாவது எடுக்கப்பட்டது என்று எந்தக் கூட்டத்திலும் கேட்பதில்லை. ஆசிரியரின் உழைப்பும் மாணவரின் ஆர்வமும் அந்த எண்ணிக்கைக்குள் புதைந்துபோகின்றன.

இரண்டாம் கட்டப் பயிற்சி வரப்போவதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு ஆசிரியருக்கும் தொலைநோக்கித் தளத்தில் பயனர் கணக்கு தரப்பட வேண்டும். முதல் அமர்வில் அவரே ஒரு கோரிக்கையைப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து, வந்த படத்தோடு இரண்டாம் அமர்வு நடக்க வேண்டும். மேகத்தால் படம் வராமல் போனால் மறுபடி விண்ணப்பிப்பது எப்படி என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். சான்றிதழைப் படம் எடுத்தவருக்குக் கொடுக்கட்டும். முதல் கட்டத்தில் சான்றிதழ் வாங்கிய அனைவருக்கும் விடுபட்ட செய்முறை அமர்வை நடத்தித் தருவது கல்வித் துறையின் கடன். எந்தத் தேதியில் என்பதை அடுத்த சுற்றறிக்கையிலேயே அறிவிக்க வேண்டும்.

— ஓர் அறிவியல் ஆசிரியர், திருப்பத்தூர் மாவட்டம்