ஆடி முடித்த வீரரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்!

சடுகுடு எத்தனை வயது வரை ஆடலாம்?

"25 வயதோடு சரி, மிஞ்சிப் போனால் 30" என்பார்கள் நம் பக்கத்தில். மூச்சு வேண்டும், முழங்கால் வேண்டும், விழுந்தால் உடனே எழுந்திருக்கத் தெம்பு வேண்டும். கலியாணமாகி, பிள்ளை பிறந்து, குடும்பப் பொறுப்பு தலைக்கு வந்துவிட்டால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கைப் பொய்யாக்கிய ஒருவர் நமக்கு அடுத்த ஊர்க்காரர்.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிக் கரையோடு கிழக்கே போனால் கல்லணை. அதையும் தாண்டி, அப்பாலரங்கம் என்று பக்தர்கள் கொண்டாடும் கோவிலடிப் பக்கம் போனால் தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டி. அந்தக் கிராமத்துப் பிள்ளைதான் தர்மராஜ் சேரலாதன். பிறந்தது 1975-ஆம் வருஷம்.

2016 அக்டோபர் 22-ஆம் தேதி ஆமதாபாத்தில் உலகக் கோப்பைக் கபடி இறுதிப் பந்தயம் நடந்தது. இந்தியா 38-29 என்ற கணக்கில் ஈரானைத் தோற்கடித்தது. கோப்பையை வென்ற இந்தியக் கோஷ்டியில் சேரலாதனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 41!

அதே வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஐதராபாத்தில் புரோ கபடி லீக்கின் இறுதிப் பந்தயம். பாட்னா கோஷ்டி ஜெய்ப்பூரை 37-29 என்று வென்றது. பாட்னாவுக்குத் தலைவர் நம் சேரலாதன். 2019-இல், 44 வயதில், ஹரியானா கோஷ்டிக்கும் அவரே தலைவர். கபடிக்குப் பேர்போன சீமை ஹரியானா. அங்கே போய்த் தலைமை தாங்குவது லேசான காரியமா? தம்மில் பாதி வயதுள்ள வடநாட்டு வாலிபர்களும் அவரை "அண்ணா" என்றே கூப்பிட்டார்கள்.

ஆடி முடித்த பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். 2024-இல் 'தமிழ் தலைவாஸ்' கோஷ்டிக்கு உதயகுமார் தலைமைப் பயிற்சியாளர். சேரலாதன் வியூகப் பயிற்சியாளர்.

இதைப் படித்து நாம் பெருமைப்படலாம். பெருமைப்பட்டால் மட்டும் போதுமா என்பதுதான் என் கேள்வி. காவிரிக் கரையில் ஊருக்கு ஒரு சேரலாதன் இல்லாமல் போகலாம். ஆனால் ஊருக்கு நாலு நல்ல ஆட்டக்காரர்கள் ஆடி முடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை நாம் என்ன செய்தோம்?

கைக்குக் கை வரும் வித்தை

41 வயதுக்காரர் 20 வயதுப் பையனை எப்படிப் பிடிக்கிறார்? கால் வேகத்தில் அவனை ஜெயிக்க முடியாது. பிறகு?

சேரலாதனின் இடம் வலது மூலை. கபடியில் மூலையில் நிற்பவன்தான் முதலில் பாய வேண்டியவன். பாடி வருகிறவனுக்கு இருப்பது 30 விநாடி. அதற்குள் தொட்டுவிட்டு ஓட வேண்டும். மூலையில் நிற்பவன் அவசரப்பட்டு முந்திப் பாய்ந்தால் புள்ளி எதிரிக்குப் போய்விடும். ஒரு நொடி தாமதித்தால் ஆளே போய்விடுவான். வருகிறவனின் எந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது, எந்தக் கால் வெறும் ஏமாற்று, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, மூச்சு எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்துக் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். பிடித்த மறுகணமே மற்றவர்கள் வந்து மடக்க வேண்டும். ஒருவன் மட்டும் பிடித்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ள முடியாது. இருபது வருஷம் விழுந்து எழுந்து உடம்பிலே ஏறுகிற கணக்கு இது. உடம்பிலே ஏறியதை இன்னோர் உடம்புக்கு ஏற்ற வேண்டுமானால், தெரிந்தவர் பக்கத்தில் நின்று, "தலையை இப்படி வை, தோளை அப்படிக் கொடு" என்று கை பிடித்துக் காட்ட வேண்டும். வேறு வழி கிடையாது.

இதில் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. தலையைத் தவறான பக்கம் வைத்துப் பாய்ந்தால் கழுத்து போகும். கையைத் தப்பாக நீட்டினால் காறை எலும்பு முறியும். மண் தரையில் வெறுங்காலோடு பழகிய பையன் போட்டிக்குப் போனால் அங்கே ரப்பர் விரிப்பு இருக்கிறது. காலில் செருப்பு மாட்டாதவன் ஷூ போட்டு ஆட வேண்டியிருக்கிறது. விரிப்பு காலைப் பற்றிக்கொள்ளும். உடம்பு திரும்பும், கால் திரும்பாது. முழங்கால் அங்கேதான் போகிறது. ஆடி அனுபவப்பட்டவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் நொண்டாமல் இருந்திருப்பார்கள்!

மெத்தப் படித்தும் மேசை உத்தியோகம்

நம் நாட்டில் நல்ல ஆட்டக்காரனுக்கு என்ன கிடைக்கிறது? அதிர்ஷ்டம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகம். ரயில்வே, மின்சார வாரியம், போலீஸ், பாங்கு. இது நல்ல காரியம். இதனால் பல குடும்பங்கள் தலை நிமிர்ந்தன. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் பந்தயத்தில் தங்கம் வென்று, 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-இல் சினிமாவே வந்துவிட்டது. விளையாட்டு ஒருவனை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் என்று அதைப் பார்த்த லட்சக்கணக்கானவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் உத்தியோகம் கிடைத்தவன் கதை ஒன்று. கிடைக்காதவன் கதை வேறொன்று. கிடைத்தவன் ஆடுகிற வயது முடிந்ததும் மேசைக்குப் போகிறான். அவன் கற்ற வித்தைக்கும் அந்த மேசைக்கும் சம்பந்தமில்லை. கிடைக்காதவனோ வயலுக்கோ, லாரிக்கோ, வெளிநாட்டு வேலைக்கோ போகிறான். பொங்கலுக்கு ஊரில் மின்னொளிக் கபடிப் போட்டி நடக்கும்போது ஒரு நாள் மட்டும் பழைய ஆட்டக்காரருக்கு மரியாதை. துண்டு போர்த்துவார்கள், மைக்கில் பெயர் சொல்வார்கள். மறுநாள் பந்தலைப் பிரித்ததும் எல்லாம் முடிந்தது.

லீக்கில் பணம் கொட்டுகிறதே என்று சிலர் கேட்கலாம். கொட்டுகிறது, உண்மைதான். 2014-இல் நடந்த முதல் லீக்கில் ஜெய்ப்பூர் கோஷ்டி கோப்பை வென்றபோது அதற்குப் பயிற்சியாளர் தமிழ்நாட்டு முன்னாள் வீரர் காசிநாதன் பாஸ்கரன்தான். ஆனால் 2017 முதல் லீக்கில் உள்ள கோஷ்டிகள் 12. ஒரு கோஷ்டிக்கு இரண்டு மூன்று பயிற்சியாளர் என்று வைத்தாலும் இந்தியா முழுவதற்கும் எத்தனை பேருக்கு இடம்? அந்த இடமும் நிலையானதல்ல. தமிழ் தலைவாஸ் கோஷ்டிக்கே 2025-இல் தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் சஞ்சீவ் பாலியான். லீக் என்பது கோபுரத்துக் கலசம். அஸ்திவாரம் கிராமத்து மைதானத்தில் இருக்கிறது. அங்கே சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் யார்?

வெள்ளைக்காரத் தொழிலாளி கேட்ட 6 ஷில்லிங்

ஆளை மடக்கிப் பிடிப்பதே கலை என்று வைத்திருக்கும் இன்னோர் ஆட்டம் உலகத்தில் உண்டு. அதன் பெயர் ரக்பி லீக். பக்கத்துக்கு 13 பேர். பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் எதிரிக் கூட்டத்துக்குள் புகுவான். எதிரிகள் அவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவார்கள். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரிக்குப் போகும். நம் சடுகுடுவுக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

இந்த ஆட்டம் பிறந்த கதையே கூலிக் கதைதான். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அன்றையக் கூலி போய்விடும். "போன கூலியை ஈடு கட்டுங்கள்" என்று கேட்டார்கள். "காசு வாங்கினால் கௌரவம் போய்விடும்" என்றார்கள் தென் இங்கிலாந்துச் சீமான்கள். 1895 ஆகஸ்டு 29-ஆம் தேதி ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கழகங்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. வேலை இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தன. அதுதான் பின்னால் ரக்பி லீக் ஆயிற்று.

உழைக்கிறவனின் நேரத்துக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட ஆட்டம் ஆடி முடித்தவனையும் கைவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் வேய்ன் பென்னட் என்று ஒருவர். போலீஸ்காரராக இருந்தவர். ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர். பிறகு பயிற்சியாளரானார். 1988 முதல் 2008 வரை பிரிஸ்பேன் கோஷ்டி ஒன்றுக்கே பயிற்சி தந்து ஆறு முறை பட்டம் வாங்கித் தந்தார். 2010-இல் வேறொரு கோஷ்டிக்கு ஏழாவது பட்டம். 2025-இல், 75 வயதில், சவுத் சிட்னி கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்தார். நம் ஊரில் 75 வயதுக்காரரை மைதானத்துத் திண்ணையில் உட்கார வைப்போமே தவிர, பிள்ளைகளை அவர் கையில் ஒப்படைப்போமா?

வாய்ப்பில்லாத பயிற்சியாளர் வென்ற தங்கம்

பயிற்சியாளரின் அருமை தெரியாததற்கு நாம் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்திருக்கிறோம். நாசிக் நகரத்து ஷைலஜா ஜெயின் நீண்ட காலம் கபடிப் பயிற்சி தந்தவர். இந்தியப் பெண்கள் கோஷ்டியின் பயிற்சியாளராகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஈரான் கூப்பிட்டது, போனார். 2018-இல் ஜகார்த்தா ஆசியப் பந்தயத்தில் ஈரான் பெண்கள் இந்தியாவை 27-24 என்று தோற்கடித்துத் தங்கத்தைக் கொண்டுபோனார்கள். நம் வித்தைதான் நம்மைத் தோற்கடித்தது!

நல்ல உதாரணமும் உண்டு. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் இந்தியா கபடியில் இரண்டு தங்கமும் வென்றது. பெண்கள் கோஷ்டியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் கோஷ்டியில் வடுவூர் அபினேஷ். கண்ணகி நகர், குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய இடம். வடுவூரோ டெல்டாவில் தலைமுறை தலைமுறையாகக் கபடி ஆடும் ஊர். இரண்டு இடத்திலும் பெரிய அரங்கத்துக்கு முன்னால் இருந்தவர்கள், தினமும் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பழக்கிய உள்ளூர்க்காரர்கள்.

ஆட்சேபமும் பதிலும்

"ஆடத் தெரிந்தவனுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தெரியாதுதான். சிலர் திட்டத்தான் அறிவார்கள். சிலர் அடிக்கவும் செய்வார்கள். அதனால்தான் 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் ஏற்பட்டது. பயிற்சியாளர்களுக்குப் பட்டயம் கொடுக்கிறது. ஆனால் குடும்பஸ்தனான ஒரு கிராமத்து ஆட்டக்காரன், கூலியை விட்டுவிட்டுப் பஞ்சாப் போய் மாதக்கணக்கில் படிக்க முடியுமா?

மத்திய சர்க்கார் 2020-இல் முன்னாள் வீரர்களையே பயிற்சியாளராகக் கொண்டு 1,000 கேலோ இந்தியா மையங்கள் என்று ஒரு திட்டம் போட்டது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் அது முக்கியமாகச் சர்வதேச, தேசியப் பந்தயங்களில் பேர் வாங்கியவர்களைத் தேடுகிறது. மாவட்டக் கோஷ்டியோடு நின்றுபோனவர் அதன் கண்ணில் படமாட்டார். பிள்ளைகளுக்கு முதல் பிடியைக் கற்றுக்கொடுக்க உலகக் கோப்பை வென்றவரா வேண்டும்? அரிச்சுவடி சொல்லித்தரத் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் போதாதா?

திருச்சி செய்யலாமே!

என் அபிப்பிராயம் இது. ஒவ்வொரு பஞ்சாயத்து யூனியனிலும், ஆடி முடித்த உள்ளூர் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுங்கள். திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தில் அவர்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுங்கள். முதலுதவி, காயம் வராமல் பழக்குவது, பெண் பிள்ளைகளிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை, திட்டாமல் திருத்துவது ஆகியவற்றைச் சொல்லிக் கொடுங்கள். தேறியவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து, பக்கத்துச் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் 2 மணி நேரம் ஒப்படையுங்கள். அந்த 2 மணி நேரத்துக்கு ஒழுங்காக மாதச் சம்பளம் கொடுங்கள். கௌரவ ஊழியம் என்று சொல்லி ஏமாற்றக் கூடாது.

இதனால் உடற்பயிற்சி ஆசிரியருக்கு ஒரு குறையும் வராது. அவருக்கும் கை கொடுத்தது போல ஆகும். பல பள்ளிக்கூடங்களில் அவர் ஒருவரே எல்லா ஆட்டத்துக்கும் ஆளாக நிற்கிறார். பரீட்சை நெருங்கினால் அவருடைய வகுப்பும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் உறையூரிலும் பொன்மலையிலும் சாயங்காலமானால் பையன்கள் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். வெளியே போய் ஆடு என்றால் யாரிடம் போவான்? அங்கே அவனுக்காக ஒரு மனிதர் காத்திருக்க வேண்டாமா?

சேரலாதனை அண்ணா என்று கூப்பிட வாலிபர்களுக்கு ஒரு லீக் இருந்தது. நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் அண்ணா வேண்டும். அவர் எங்கேயோ இல்லை. உங்கள் தெருவிலேயே, முழங்காலில் பழைய தழும்போடு இருக்கிறார். அடுத்த பொங்கலுக்கு அவருக்குத் துண்டு போர்த்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். மறுநாள் முதல் வேலை கொடுங்கள்!